பெனிதிதோ கொடுத்த வெள்ளை மாத்திரை

என் வீட்டுக்காரர் பெனிதிதோவுக்கு இல்லைன்னு சொல்ல வராது. அந்த வார்த்தையே அவர் வாயில கிடையாது. மண்வெட்டி கேட்டா மண்வெட்டி, ஏணி கேட்டா ஏணி. கேக்காதவங்களையும் கூப்பிட்டுக் கொடுப்பாரு. ஒரு தடவை எங்க புது இஸ்திரிப்பெட்டியைக் காணோம்னு வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். அது நாலு வீடு தள்ளி ஒரு டோங்காக்காரியோட சட்டையைத் தேச்சுக்கிட்டு இருந்துச்சு. ஏன்யா இப்படின்னு கேட்டா, "லெய்து, அவ பாவம், வேலைக்கு நேரமாச்சு"ங்கறாரு. எனக்கு மட்டும் நேரம் ஆகாதா? நான் என்ன கசங்கின சட்டையோட பிறந்தவளா?

சமோவாத் தீவுல இருந்து நாங்க வந்து குடியேறின போரிருவா ஊர்ல பஸ் ஓட்டுறாரு. யாராவது ஓடி வந்தா நிறுத்திடுவாரு. நிறுத்தறது மட்டுமா, இறங்கிப் போய்ப் பையை வேற வாங்கிக்குவாரு. மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினப்போ, "சரிங்க"ன்னு தலையாட்டிட்டு மறுநாளும் அதையேதான் செஞ்சாரு. ஜனங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. பெனி ஓட்டற பஸ்ஸுன்னு தெரிஞ்சா, வீட்டுல ஆற அமர டீ குடிச்சுட்டுத்தான் ஓடி வருவாங்க.

ஊருக்கே இப்படின்னா அக்காவுக்குக் கேக்கணுமா? எங்க சமோவா ஆளுங்கள்ல கூடப்பிறந்த அக்கான்னா சாமிக்குச் சமானம். அவ வாய் திறந்து கேக்கறதுக்கு முன்னாடி தம்பிக்காரன் கொண்டுபோய் நிக்கணும். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் என் அடுப்புல வெந்த நல்ல துண்டெல்லாம் சியேனி அக்கா வீட்டுக்குப் போயிடும். எனக்கு மிஞ்சறது கோழிக் கழுத்து. இருபது வருஷமா கழுத்தைக் கடிச்சுக் கடிச்சு எனக்குப் பல்லு மட்டும் நல்லா உறுதியாயிடுச்சு.

அக்கா புருஷன் அஸாலெமோ. நான் அண்ணன்னு கூப்பிடுவேன். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கற வேலை. சர்ச்சுல பாட்டுக் குழுவை நடத்தறதும் அவர்தான். சிரிச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும். பெனியும் அவரும் மச்சான் மச்சான்னு ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கிட்டே இருப்பாங்க. ஒருத்தரை விட்டு ஒருத்தரால ஒரு ஞாயிறு இருக்க முடியாது.

அந்த அண்ணனுக்குத்தான் கண்ணு மஞ்சளாச்சு, முதுகு வலின்னு படுத்தாரு. கணையத்துல புத்துநோய், கல்லீரலுக்கும் போயிடுச்சுன்னாங்க. கீமோ கொடுத்தாங்க. முடி போச்சு, உடம்பு போச்சு, நோய் மட்டும் போகலை. கடைசியில டாக்டர் ஃபிலிப்பான்னு ஒரு அம்மா, ஒரு வைத்தியத்தைச் சோதனையா செஞ்சு பாக்கறோம், வர்றீங்களான்னு கேட்டாங்க. இவர் ரத்தத்துல இருந்தே நோயோட சண்டை போடற செல்லுங்களைப் பிரிச்செடுப்பாங்களாம். இந்தப் புத்துநோய் மேல இருக்கற ஒரு அடையாளத்தைக் கண்டுபிடிக்கற மாதிரி அதுங்களை ஆய்வகத்துல மாத்தி, பெருக்கி, திரும்ப இவர் உடம்புக்குள்ளயே ஏத்துவாங்களாம். பலன் கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்னு அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. அண்ணன் சரின்னுட்டாரு. வேற வழி?

செல்லுங்க ஆய்வகத்துல வளர்ந்துக்கிட்டு இருந்த நாள்ல அண்ணன் சொல்வாரு, "மச்சான், என் பிள்ளைங்க அங்க வேளாவேளைக்குத் தின்னுட்டுத் தூங்குதுங்களாம். எனக்குத்தான் இங்க கஞ்சி."

பெனி விடுவாரா? "பாத்துக்கங்க மச்சான். வெள்ளைக்காரங்க கையில வளருது. திரும்பி வந்து உங்களையே யாருன்னு கேக்கப் போகுது."

ஜூலையில, இங்க அதுதான் குளிர்காலம், ஒரு நாள் ஏத்தினாங்க. இத்தனைக்கும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பை. காப்பி ஆறறதுக்குள்ள இறங்கி முடிஞ்சிருச்சு. செல்லுங்க உறையில கெடாம இருக்கச் சேத்த மருந்தாம், அறை பூரா டின் சோளத்தைத் திறந்து வச்ச மாதிரி ஒரு வாடை. அப்புறம் காய்ச்சல் கொதிச்சுது, பிதற்றினாரு, அக்கா பயந்தே போயிட்டா. அதையும் தாண்டி வீட்டுக்கு வந்தாரு. முதல் ஸ்கேன்ல கல்லீரல்ல இருந்த கட்டியெல்லாம் பாதியா சுருங்கிப் போயிருந்துச்சு. சர்ச்சுல பாஸ்டர் சொன்னதும் ஜனம் அழுதுச்சு, சிரிச்சுது, கை தட்டுச்சு. பெனி பஸ்ஸுல ஏறின ஒவ்வொருத்தருக்கும் சொன்னாரு.

இங்கதான் விதி விளையாடுச்சு.

அக்டோபர்ல எங்களுக்கு வெள்ளை ஞாயிறு வரும். பிள்ளைங்க வெள்ளை உடுத்தி வசனம் சொல்லி நடிக்கற நாள். அன்னைக்குப் பாட்டுக் குழுவை நின்னு நடத்தியே தீருவேன்னு அண்ணன் ஒத்தக் கால்ல நின்னாரு. மச்சானுக்குத் தெம்பு வேணும்னு இந்த மனுஷன் ஒரு வாளி நிறைய கடல் சிப்பியும், டின் மாட்டிறைச்சி போட்டு முட்டைக்கோஸும் கொண்டுபோனாரு. அண்ணனும் பல மாசத்துக்கு அப்புறம் ருசிச்சுச் சாப்பிட்டாரு. மறுநாளே கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கிடுச்சு. யூரிக் ஆசிட்.

எங்க ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு இது உண்டு. போர்வை பட்டாக்கூட உயிர் போகும். அதுக்கு டாக்டருங்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை தருவாங்க. ஒருத்தர் டப்பா காலியானா அடுத்தவர் டப்பா. சர்ச் வாசல்ல மிட்டாய் மாதிரி கைமாறும். அதுக்குப் பேரு என்ன, உள்ள என்ன இருக்கு, யாரு கேட்டா? எங்களுக்கு அது கால் மாத்திரை.

பெனி சட்டைப் பையில எப்பவும் ஒரு டப்பா குலுங்கும். எடுத்து நீட்டினாரு.

"ஆஸ்பத்திரியில கேக்காம எதையும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா" என்றாரு அண்ணன்.

"அது மருந்துக்குச் சொன்னது மச்சான். இது நம்ம கால் மாத்திரை. உங்க அப்பா தின்னாரு, எங்க அப்பா தின்னாரு. யாராவது செத்தாங்களா?"

"ரெண்டு பேருமே செத்துட்டாங்களேடா."

"வயசாகிச் செத்தாங்க. முழுங்குங்க."

நானும் அங்கதான் தாரோ கிழங்கு உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் தப்பாப் படலை. அக்கா பிள்ளைங்களுக்கு வசனம் சொல்லிக் கொடுக்க தினமும் சர்ச்சுக்குப் போயிடுவா, அவளுக்கு இது தெரியாது. ஞாயிறு வரைக்கும் தினமும் கொடுத்தாரு. வீக்கம் வடிஞ்சுது. வெள்ளை ஞாயிறு அன்னைக்கு அண்ணன் செருப்பு போட்டுக்கிட்டு நேரா நின்னு, ரெண்டு கையையும் தூக்கிக் குழுவைப் பாட வச்சாரு. கடைசி பெஞ்சுல இந்த மனுஷன் ஏதோ தானே பிரசவம் பாத்த மாதிரி பெருமையா உக்காந்திருந்தாரு.

அடுத்த ஸ்கேன்ல கட்டி பழையபடி வளர்ந்திருந்துச்சு. ரத்தத்துல அந்தச் செல்லுங்க ரொம்பக் குறைஞ்சு போச்சாம்.

பெனிதான் காரை ஓட்டிக்கிட்டுப் போனாரு, அதனால டாக்டர் அறையில அவரும் இருந்தாரு. நானும் அக்காவும் கூட. டாக்டர் ஃபிலிப்பா சொன்னாங்க: "இன்னொரு பை உறைய வச்சு பத்திரமா இருக்கு. ஆனா செல்லுங்க தானாவே தோத்துப் போயிருந்தா, அதை ஏத்த அனுமதி கிடைக்காது. உடம்பை வீணா வருத்தறதுதான் மிச்சம். வெளியில இருந்து ஏதாவது அதுங்களை அமுக்கியிருந்தா மட்டும் நான் கேட்டு வாங்க முடியும். வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? முக்கியமா ஸ்டீராய்டு?"

ஸ்டீராய்டுன்னா ஜிம்முல பையனுங்க போட்டுக்கற ஊசின்னுதான் நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம். அந்தம்மா விளக்கினாங்க. "மூட்டு வீக்கத்துக்கெல்லாம் கொடுப்பாங்களே, சின்னதா வெள்ளை மாத்திரை."

எங்க கால் மாத்திரை! பெனியைப் பாத்தேன். முகத்துல ஈயாடலை. அண்ணன் சுவத்துல மாட்டியிருந்த படத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "இல்லைங்க டாக்டர். ஒண்ணும் சாப்பிடலை."

இந்த மனுஷன் வாயைத் திறக்கலை. இரும்பைக் காய்ச்சி ஊத்தினாலும் அந்த நேரத்துல திறந்திருக்காது. அடுத்த வாரம் முடிவு சொல்றேன்னு டாக்டர் எழுந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடிச்சுக்கிட்டேன். "ஏன்யா சொல்லலை? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மச்சானே சாப்பிடலைன்னுட்டாரே லெய்து. அப்புறம் நான் உண்டுன்னா அவரைப் பொய்யன்னு ஆக்கின மாதிரி ஆகாதா? அக்கா முன்னாடி..."

"அவர் உங்களைக் காப்பாத்தப் பொய் சொன்னாரு. நீங்க யாரைக் காப்பாத்த சும்மா இருந்தீங்க?"

சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிட்டாரு. மறுநாள் பஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போனவரு, ஓடி வந்த ஒரு பொம்பளையைப் பாக்காமலே போயிட்டாராம். ஊரே எனக்குப் போன் பண்ணி, பெனிக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டுச்சு. வந்து படுக்கையில உக்காந்துக்கிட்டு கையைப் பாத்துப் பாத்து அழறாரு. "இந்தக் கையாலதான் கொடுத்தேன். தினமும் தண்ணி மோந்து நானே கொடுத்தேன். என் அக்கா வாழ்க்கையை நானே அறுத்துட்டேன்." எனக்குக் கோவம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சீங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லலை. சொன்னா அதையே பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்துடுவாரோன்னு பயம்.

சனிக்கிழமை விடியக்காலையில அலமாரியைத் திறந்து பாயை எடுத்தாரு. வருஷக்கணக்கா சன்னமா பின்னின பாய், பட்டுத்துணி மாதிரி மடங்கும். எங்க கல்யாணத்துக்கு அக்கா கொடுத்தது. என்ன செய்யப் போறாருன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. இஃபோங்கா. பெரிய தப்பு செஞ்சவன், அடிபட்டவங்க வீட்டு முன்னாடி பாயைத் தலையில போத்திக்கிட்டு உக்காருவான். அவங்க வந்து பாயை எடுத்தா மன்னிப்பு. எடுக்கலைன்னா அவன் தலைவிதி. கொலை பண்ணினவங்க உக்காருவாங்க, வண்டி ஏத்திக் கொன்னவங்க உக்காருவாங்க. மாத்திரை கொடுத்ததுக்கு எவனாவது உக்காந்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனா தடுக்கவும் இல்லை. நானும் கூடப் போனேன்.

கானன்ஸ் க்ரீக்ல அக்கா வீட்டுப் புல்தரையில உக்காந்து பாயைப் போத்திக்கிட்டாரு. மழை தூற ஆரம்பிச்சுது. நாயை நடத்திக்கிட்டு வந்த எதிர்வீட்டு வெள்ளைக்காரர் நின்னு பாத்தாரு.

"கூடாரம் போடறீங்களா?"

"இல்லைங்க, என் புருஷனைக் காயப் போட்டிருக்கேன்" என்றேன். ஆள் நாயை இழுத்துக்கிட்டு நடையைக் கட்டிட்டாரு.

அக்கா திரைச்சீலையை விலக்கிப் பாத்தா. தான் கொடுத்த பாய் அவளுக்குத் தெரியாதா? வெறுங்காலோட ஓடி வந்து, "யாரைடி கொன்னான் இவன்?"னு என்னைக் கேட்டா. பாய்க்கு அடியில இருந்து பெனி சொன்னாரு. தேம்பித் தேம்பி, கால் மாத்திரையில இருந்து டாக்டர் அறை வரைக்கும் எல்லாத்தையும் சொன்னாரு. அக்கா உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா.

மழை வலுத்துச்சு. பாய் நனைஞ்சு அவர் தலையோட ஒட்டிக்கிச்சு. உள்ள அக்கா அழற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்குக் குளிர்ல பல்லு தந்தியடிச்சுது. எழுந்து வாங்கன்னு கூப்பிட மனசு வரலை.

ரொம்ப நேரம் கழிச்சுக் கதவு திறந்துச்சு. நடைவண்டியைப் பிடிச்சுக்கிட்டு அண்ணன் வந்தாரு. ஒவ்வொரு அடிக்கும் நின்னு மூச்சு வாங்கினாரு. குனிஞ்சு பாயோட ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ள எட்டிப் பாத்தாரு.

"என்ன மச்சான், உள்ள ஒழுகுதா?"

இந்த மனுஷன் அவர் காலைக் கட்டிக்கிட்டு அழுதாரு. "ஏன் மச்சான் டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னீங்க?"

"என் பொண்டாட்டி தம்பியை அவ கண்ணு முன்னாடியே காட்டிக் கொடுக்கச் சொல்றியா? நீ கொடுத்தே, முழுங்கினது யாரு? என் வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?" பாயை முழுசா இழுத்து எடுத்தாரு. "எந்திரிடா. உன்னோட சேந்து நனைய எனக்குத் தெம்பில்லை."

வாசப்படியில நின்னு அக்கா கத்தினா. "மானம் மானம்னு ரெண்டு பேரும் என்னை முண்டச்சி ஆக்குங்க! டேய், போனை எடு. அந்த டாக்டரம்மாகிட்ட உன் வாயால சொல்லு."

சொன்னாரு. திங்கக்கிழமை நேர்லயும் போய்ச் சொன்னாரு. டாக்டர் ஃபிலிப்பா திட்டலை. திட்டியிருந்தா தேவலைன்னாரு பெனி. "மாத்திரைதான் காரணமான்னு எனக்குத் தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போன தடவை கட்டியில இருந்து சோதனைக்கு ஊசியால எடுத்த துணுக்கும் பத்தலை. ஆனா இதை வச்சு நான் ரெண்டாவது பையைக் கேட்டு வாங்கறேன்" என்றாங்க. வாங்கியும் தந்தாங்க. நவம்பர் கடைசியில அதையும் ஏத்தினாங்க. அதே டின் சோள வாடை, அதே காய்ச்சல்.

அதுக்கப்புறம்தான் என் புருஷனுக்கு உண்மையான தண்டனை ஆரம்பிச்சுது. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து நிக்கறாரு.

"லெய்து, இந்தப் பை வேலை செஞ்சா, முதல் பையை நான்தான் கெடுத்தேன்னு ஆகுது."

"ஆமா."

"வேலை செய்யலைன்னா நான் கெடுக்கலைன்னு ஆகுது."

"அதுக்கு?"

"நான்தான் கெடுத்தேன்னு ஆகணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

ஊர் உலகத்துல எல்லாரும் தன் மேல பழி விழக் கூடாதுன்னு முழங்கால் போடுவாங்க. இந்த மனுஷன் சர்ச்சுல மண்டி போட்டு, ஆண்டவரே குத்தவாளி நானா இருக்கணும்னு மன்றாடறாரு. என்னத்தைச் சொல்ல? நானும் பக்கத்துல முழங்கால் போட்டு, ஆமென்னு சொன்னேன். என் புருஷன் மேல பழி விழட்டும்னு வேண்டின பொண்டாட்டி நான் ஒருத்திதான் இருப்பேன்.

அக்கா அந்த ரெண்டு மாசமும் ஞாயிறுதோறும் அவர் கொண்டுபோன சாப்பாட்டுப் பானையைத் தொடலை. அவர் வாசப்படியில வச்சுட்டு வருவாரு. மறு ஞாயிறு அப்படியே இருக்கும். கழுவி எடுத்துக்கிட்டு வந்து, மறுபடியும் நிரப்பிக்கிட்டுப் போவாரு.

ஜனவரியில, நல்ல வெயில் நாள், டாக்டர் எல்லாரையும் உக்கார வச்சாங்க. செல்லுங்க ரத்தத்துல ஏராளமா, உயிரோட, நல்லா இருக்காம். ஆனா கட்டி வளர்ந்துக்கிட்டேதான் இருக்காம். இந்தத் தடவை ஊசியால சரியான துணுக்கு கிடைச்சுது, செல்லுங்க தேடற அந்த அடையாளத்தையே புத்துநோய் உதறிடுச்சுன்னாங்க. செல்லுங்க பக்கத்துல போய் நின்னாலும் ஆளைத் தெரியாம திரும்பிடுது. "முதல் தடவையும் பெரும்பாலும் இதேதான் நடந்திருக்கணும். மாத்திரை கொடுக்காம இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்." அந்தம்மா பெனி பக்கம் திரும்பி, அவர் கையைத் தொட்டு, "உங்க மேல தப்பில்லை, பெனிதிதோ" என்றாங்க. ஆறுதலாத்தான் சொன்னாங்க, பாவம். அவர் வேண்டினது என்னன்னு அந்தம்மாவுக்குத் தெரியாதே.

"டாக்டர், இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. நான் நிறைய மாத்திரை கொடுத்தேன். சொன்னதைவிட அதிகமாக் கூடக் கொடுத்திருப்பேன். நான்தான் காரணம். பாருங்க டாக்டர்." மேஜையைப் பிடிச்சுக்கிட்டு அப்படிக் கெஞ்சினாரு.

அண்ணன்தான் அவர் தோளைப் பிடிச்சு உக்கார வச்சாரு. "விடுடா மச்சான். விடுதலை பண்ணிட்டாங்க, கேஸை இழுக்காதே." சொல்லிட்டு அவரே அழுதுட்டாரு. அக்கா எழுந்து வந்து, ரெண்டு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா தம்பி தலையைத் தன் வயித்தோட சேத்து அணைச்சுக்கிட்டா.

அந்த ஞாயிறு அவ பானையை உள்ள எடுத்துக்கிட்டுப் போனா. அண்ணன் கடல் சிப்பி வேணும்னு ஆசையா கேட்டாரு. இனி என்ன வேணும்னாலும் சாப்பிடட்டும்னு டாக்டரே சொல்லிட்டாங்க. பெனி ஒரு வாளி கொண்டு வந்தாரு. ரெண்டே நாள்ல அதே கட்டைவிரல், அதே வீக்கம். கட்டில்ல படுத்திருந்த அண்ணன் வலியில முகத்தைச் சுளிச்சுக்கிட்டே கையை நீட்டினாரு.

"மச்சான், அந்தக் கால் மாத்திரையைக் கொடு. இனிமே யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

பெனி அந்தக் கையைப் பாத்துக்கிட்டே நின்னாரு.

"இல்லை மச்சான்."

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவர் வாயில நான் கேக்காத வார்த்தை அது.

"எங்கிட்ட இல்லை மச்சான்" என்றாரு மறுபடியும். சட்டைப் பையில டப்பா குலுங்கினது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. நான்தான் அவர் பையில கையை விட்டு அதை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணியோட அண்ணனுக்குக் கொடுத்தேன்.